நாகேந்திரம் மாஸ்ரரின் நெடுந்தூர ரிமோட்

கொழும்பு வெள்ளவத்தையில் பௌதிகம் என்றால் நாகேந்திரம் மாஸ்ரர்தான். அவர் ஒளியியல் படிப்பித்தால் கடைசி வாங்கில் நித்திரை கொள்ளுகிறவனும் எழும்பிவிடுவான் என்று ஊர் முழுக்கப் பேச்சு. தெறிப்பு, முறிவு, ஆடி, வில்லை எல்லாம் மனிசனுக்குக் கைவந்த பாடம். ஆனால் பின்னேரம் ஏழரைக்குப் பிறகு அவருடைய சொந்த வீட்டில் அவர் சொல் ஒரு சதத்துக்கும் எடுபடாது. இது பிள்ளைகளை ரியூசனுக்கு அனுப்புகிற பெற்றோருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு மாஸ்ரரைப் பார்த்திருப்பார்கள்.

ஏழரையிலிருந்து எட்டரை வரை ரீவி நாடகம். அது மாஸ்ரரின் மனைவி சரோஜினிதேவியின் நேரம். இந்த ஒப்பந்தம் ரீவி வீட்டுக்கு வந்த நாளிலேயே எழுதாமல் கையெழுத்தானது. ஏனென்றால் ரீவியைக் கொண்டு வந்தது சரோஜினிதேவியின் தம்பி. சுவிசிலிருந்து வரும்போது கட்டுநாயக்கா விமானநிலைய டியூட்டி ஃப்ரீயில் எடுத்துத் தந்தது. மாஸ்ரர் வாய் திறந்தால் போதும், சரோஜினிதேவி கேட்பா.

"இந்த ரீவி ஆற்றை தம்பி தந்தது?"

அவ்வளவுதான். அதற்குமேல் எந்தப் பௌதிக விதியும் வேலை செய்யாது.

நாடகம் தொடங்கினால் பக்கத்து ஃபிளாட் பைறோஸாவும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்துவிடுவா. பைறோஸாவின் வீட்டு ரீவி படம் காட்டுவதை நிறுத்திக் கன காலம். இரண்டு பெண்களும் சோபாவில். மாஸ்ரரும் பைறோஸாவின் கணவர் மஜீட்டும் பல்கனியில். மஜீட்டுக்குப் புறக்கோட்டையில் துணிக்கடை. கடையில் சத்தம்போட்டுப் பேசுகிற ஆள், பல்கனிக்கு வந்தால் குரல் இறங்கிவிடும்.

எல்லாம் ஒருமாதிரிப் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஆபிரிக்காவில் கிரிக்கட் சுற்று ஒன்று தொடங்கியது. அங்கே பொழுது சாய்கிற நேரத்தில் இங்கே ஏழரை. ஓட்டத்தைத் துரத்துகிற கடைசிக் கட்டம் முழுக்க நாடகத்துக்குள் போய் விழுந்தது. யார் வென்றது என்று மாஸ்ரர் அடுத்தநாள் பேப்பரில் பார்த்து அறிந்தார். வெள்ளிக்கிழமை இறுதியாட்டம் வருகிறது. அதையும் பேப்பரில் பார்க்கிறதா? மாஸ்ரர் பல்கனிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சபதம் எடுத்தார்.

"மஜீட், இறுதியாட்டத்தை நான் இந்தக் கதிரையிலை இருந்து பாக்கிறன். பாக்காட்டி என்ரை பெயர் நாகேந்திரம் இல்லை."

"எப்பிடி மாஸ்டர்? பொம்புளைங்க உள்ள ஈக்காங்களே."

"இஞ்சை இருந்து ஜன்னலுக்குள்ளாலை ரிமோட் அடிக்கிறது. சனல் மாறும். ஆர் மாத்தினது? ஒருத்தரும் மாத்தேல்லை. ஒளிபரப்பிலை கோளாறு. நாங்கள் ஒரு ஓவர் பாக்கிறம். பிறகு கோளாறு தானாச் சரியாகும். விளங்குதோ?"

மஜீட் மாஸ்ரரை ஏற இறங்கப் பார்த்தார். படித்தவர்களின் மூளை போகிற போக்கு அவருக்கு வியப்பாக இருந்தது.

ஒரேயொரு இடைஞ்சல். அந்த ரிமோட் ரீவியின் மூக்குக்குக் கிட்டப் போய் நீட்டினால்தான் வேலை செய்யும். காரணம் உலகத்துக்கே தெரிந்தது. வந்த நாளிலிருந்து அது சிலிசிலிப் பிளாஸ்ரிக் பைக்குள், இரண்டு ரப்பர் வளையம் போட்டபடி இருந்தது. பை மஞ்சளாகி, எண்ணெய் பிடித்து, உள்ளே இருக்கிறது ரிமோட்டா வடகமா என்று தெரியாத நிலை. மாஸ்ரர் அன்றைக்கே பையைக் கழற்றினார்.

"என்னப்பா செய்யிறியள்?" குசினிக்குள் இருந்து சத்தம் வந்தது. குசினியில் நின்றாலும் ரப்பர் வளையம் தெறிக்கிற சத்தம் சரோஜினிதேவிக்குக் கேட்கும்.

"பையைக் கழட்டுறன்."

"தூசு போயிடும்!"

"பையோடை இருந்தா ரிமோட்டின்ரை செங்கீழ்க் கதிர் வெளியிலை போகாதப்பா. விஞ்ஞானம்."

"தம்பி ஆசையாத் தந்தது. பழுதாப் போச்செண்டால் உங்கடை விஞ்ஞானத்தை அவனுக்கு நீங்களே சொல்லுங்கோ."

அடுத்தநாள் ஏழரைக்கு மாஸ்ரர் பல்கனியில் சாய்ந்தார். ரிமோட் சாரத்து மடிப்புக்குள். நாடகத்தில் மருமகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். மாமியார் வழியை மறிக்கிறா. மாஸ்ரர் ஜன்னல் கம்பிக்கு நடுவால் குறிபார்த்து அமத்தினார். மருமகள் மறைந்தாள். பச்சைப் புல்லும், ஓடிவருகிற பந்துவீச்சாளனும்.

"அல்லாஹ்! அக்கா, டீவிக்கு என்னமோ புடிச்சிட்டு!"

"இஞ்சருங்கோ! இதென்ன இது?"

"என்ன சரோ?" மாஸ்ரர் குரலில் பாலும் தேனும் ஓடியது. "காத்துப் பலம். அன்ரெனா ஆடுது. கொஞ்சம் பொறும், தானாச் சரிவரும்."

"ரிமோட் எங்கை?"

"சோபாவுக்குக் கீழை கிடக்கும், பாரும்."

சரோஜினிதேவி சோபாவுக்குக் கீழே தேடினா. மேலே தேடினா. தேடி முடிக்கிறதுக்குள் ஒரு ஓவர் முடிந்து, ஒரு விக்கட்டும் விழுந்தது. மஜீட் வாயைப் பொத்திக்கொண்டு துள்ளினார். பிறகு கோளாறு தானாகச் சரியாகிவிட்டது. மருமகள் அதற்குள் வீட்டை விட்டுப் போயே போய்விட்டாள். எப்படிப் போனாள் என்று இரண்டு பெண்களுக்கும் தெரியாது.

நாடகம் முடிந்த பிறகு ரிமோட் சாப்பாட்டு மேசையில் இருந்தது. சரோஜினிதேவி ரிமோட்டைப் பார்த்தா. மாஸ்ரரைப் பார்த்தா. சோற்றைப் பரிமாறினா. பதினெட்டு வருசம் குடும்பம் நடத்தின மனிசன் அந்த இடத்தில் பயந்திருக்க வேண்டும். மாஸ்ரர் இன்னும் கொஞ்சம் சம்பல் போட்டுக்கொண்டார்.

அடுத்தநாள் ஏழரைக்கு அமத்தினார். மருமகள் மறையவில்லை. திரும்ப அமத்தினார். கையை நீட்டி, வளைத்து, கதிரையில் ஏறி நின்று அமத்தினார். ஒன்றுமில்லை. மருமகள் அழுதுகொண்டே இருந்தாள். மாஸ்ரருக்கும் அழுகை வரப் பார்த்தது.

எட்டரை தாண்டியதும் அமத்திப் பார்த்தார். பளிச்சென்று வேலை செய்தது!

அதற்கு அடுத்தநாளும் அதே கதை. காலையில் வேலை செய்யும். மத்தியானம் செய்யும். ஏழரைக்குச் செத்துவிடும். எட்டரைக்கு உயிர்த்தெழும். மாஸ்ரர் பற்றரிகளைக் கழற்றி வெயிலில் காயவைத்தார். சுருளைச் சீலையால் துடைத்தார். சிகரட் பெட்டிக்குள் இருக்கிற வெள்ளிப் பேப்பரை எடுத்து ரிமோட்டின் முகத்தைச் சுற்றிக் குழிவாடி கட்டினார். எல்லாம் காலையில் அருமையாக வேலை செய்தது.

இதில் பெரிய கொடுமை, இந்த வருத்தத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாது. சொன்னால் களவு வெளிவரும்.

"சரோ, இந்த ஏழரை மணியளவிலை ரிமோட் பிடிக்குதோ, பாத்தனீரோ?"

"ஏழரைக்கு உங்களுக்கு என்னத்துக்கு ரிமோட்?"

"இல்லை... சும்மா ஒரு ஆராய்ச்சி."

"அப்ப ஆராயுங்கோ," என்று சரோஜினிதேவி வெங்காயத்தை உரித்தா. முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

மாஸ்ரர் ஆராய்ந்தார். இரவிரவாக யோசித்து ஒரு கோட்பாட்டுக்கு வந்தார். அதைப் பல்கனியில் மஜீட்டுக்கு வெளியிட்டார்.

"உப்புத்தான் காரணம். பொழுதுபட்டதும் கடல்காத்து இஞ்சாலை திரும்புது. அந்த ஈரத்திலை உப்பு. உப்பு செங்கீழ்க் கதிரை உறிஞ்சுது. அதுதான் பின்னேரத்திலை தூரம் குறையுது."

மஜீட் தாடியைத் தடவி யோசித்தார்.

"சரி மாஸ்டர். ஆனா ஒம்பது மணிக்கும் கடல் அங்கனதானே ஈக்கி?"

மாஸ்ரருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்கள் துணியைப் பாருங்கோ மஜீட். விஞ்ஞானத்தை என்னட்டை விடுங்கோ. பெலம் காணாது. ரிமோட்டுக்குப் பெலம் ஏத்தவேணும். உப்பைத் துளைச்சுக்கொண்டு போற மாதிரி."

"அப்ப எங்கட மக்கீன்கிட்ட கொண்டு போங்க. டீவி, ரேடியோ என்டா அவன் புலி." சொன்ன பிறகுதான் மஜீட்டுக்கு நாக்கைக் கடிக்கவேண்டி வந்தது. அந்தச் சண்டைக் காலத்தில் பல்கனியில் நின்று அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்லுகிறதில்லை. "கெட்டிக்காரன் என்டு சொல்ல வந்தேன்," என்று குரலை இறக்கினார்.

மக்கீனின் கடை புறக்கோட்டையில் ஒரு படிக்கட்டுக்குக் கீழே இருந்தது. மஜீட்டின் மனைவி வழி உறவு. ஊரில் உள்ள பழுதான ரேடியோ எல்லாம் அங்கேதான் குடியிருந்தது. திரும்பிப் போனதாக ஒருவரும் கேள்விப்படவில்லை. பைறோஸாவின் ரீவியும் அங்கேதான். புதன்கிழமை பின்னேரம் மாஸ்ரர் ரிமோட்டோடு போய் நின்றார்.

"எவ்வளவு தூரம் வேணும் மாஸ்டர்?"

"பல்கனியிலை இருந்து ஹோல் ரீவி வரைக்கும்."

"அவ்வளவுதானா? நான் கட்டித் தாறத வச்சி அடிச்சா ராமேஸ்வரத்துல டீவி மாறும்."

மக்கீன் ரிமோட்டின் நெற்றியைப் பிளந்தான். கதிர் விடுகிற ஒரு கண் இருந்த இடத்தில் ஆறு கண் வைத்தான். அதற்கு உள்பற்றரி காணாது என்று வெளியே ஒரு பற்றரிப் பெட்டி. பெட்டியிலிருந்து ரிமோட்டுக்குச் சிவப்பு வயர் ஒன்று, கறுப்பு வயர் ஒன்று. எல்லாவற்றையும் சேர்த்துக் கறுப்பு ஒட்டு ரேப்பால் சுற்றினான். மாஸ்ரர் அதை இரண்டு கையாலும் வாங்கிச் சிலிசிலிப் பைக்குள் வைத்துக்கொண்டு, காலி வீதி பஸ்ஸில் ஏறி, சந்தோஷமாக உட்கார்ந்தார். அவருடைய மனதில் வெள்ளிக்கிழமை மட்டுமே இருந்தது. கையில் இருக்கிறது பார்வைக்கு எப்படி இருக்கிறது என்று அவர் ஒரு நிமிசமும் யோசிக்கவில்லை. பௌதிகம் படித்தவர்.

வெள்ளவத்தைக்குக் கொஞ்சம் முந்தி செக்பொயின்ற். பஸ் நின்றது. எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். தினமும் நடக்கிறதுதான். மாஸ்ரரின் முறை வந்தது. ஆமிக்காரன் பைக்குள் எட்டிப் பார்த்தான்.

"மே மொகக்த?" இது என்ன என்று கேட்டான்.

"டீவி ரிமோட், மஹத்தயா."

ஆமிக்காரன் சிவப்பு வயரைப் பார்த்தான். கறுப்பு வயரைப் பார்த்தான். ஆறு கண்ணையும் பார்த்தான். பிறகு மெல்ல இரண்டு அடி பின்னுக்குப் போய், "சார்ஜன்!" என்று கத்தினான்.

மாஸ்ரருக்குப் பின்னால் நின்ற வரிசை காணாமல் போய்விட்டது. அப்போதுதான் அவருக்குத் தன் கையில் இருக்கிறது கண்ணில் பட்டது. சின்ன விசாரணை என்று கூட்டிப்போன ஆட்களை மாதக்கணக்காகத் தேடுகிற வீடுகள் அவருடைய ஒழுங்கையிலேயே இருந்தன. முருகா, ஒரு ஓவர் பார்க்க ஆசைப்பட்டதுக்கு இதுவா என்று நெஞ்சுக்குள் அழுதார்.

சார்ஜன்ற் வந்தார். தொப்பை, மூக்குக்கண்ணாடி, வாய்க்குள் வெற்றிலை. மணல் மூட்டைக்குப் பின்னால் நின்றபடியே விசாரித்தார். மாஸ்ரர் உடைந்த சிங்களத்தில் உப்புக்காற்றைப் பற்றியும் செங்கீழ்க் கதிரைப் பற்றியும் விளக்கினார். விளக்க விளக்கச் சார்ஜன்றின் சந்தேகம் கூடியது. வீட்டு ஃபோன் நம்பரை வாங்கி, ஆளைப் பொறுப்பெடுக்க யாரையாவது வரச்சொல்லி ஃபோன் எடுக்க ஒருத்தனை அனுப்பினார். பிறகு றோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த தேத்தண்ணிக் கடையைக் காட்டினார். கடைக்குள் மாஸ்ரர் வீட்டு ரீவியின் அதே கொம்பனி ரீவி ஓடிக்கொண்டிருந்தது. கிரிக்கட். கடை நிறைய ஆட்கள்.

"ஒபலா பலன்ன." அமத்திப் பார் என்கிறார்.

மாஸ்ரர் மணல் மூட்டைக்கு இந்தப் பக்கம் நின்று, றோட்டைத் தாண்டிக் குறிபார்த்தார். ஆமிக்காரர் எல்லோரும் காதைப் பொத்தினார்கள். அமத்தினார்.

கடைக்குள் கிரிக்கட் மறைந்து ஒரு மருமகள் அழுதாள்.

"அடோ!" என்று கடை முழுக்கக் கத்தியது. ஒருத்தன் ரீவியின் தலையில் தட்டினான். மாஸ்ரர் திரும்ப அமத்தினார். கிரிக்கட் வந்தது. இன்னொருதரம் அமத்தினார், மருமகள். கடைக்காரன் வெளியே ஓடிவந்து வானத்தைப் பார்த்தான். சார்ஜன்றுக்குச் சிரிப்புத் தாங்க முடியவில்லை. ஆனால் அவரும் ஸ்கோர் கேட்டுக்கொண்டிருந்த ஆள்தான்.

"ஏய், ஏய், மெச் எக தான்ன!" என்றார். மட்சைத் திரும்பப் போடு என்று.

மாஸ்ரரின் பயம் எங்கே போனதோ தெரியாது. றோட்டுக்கு அந்தப் பக்கம்! லொறியும் பஸ்ஸும் போகிற றோட்டைத் தாண்டி! மார்பு நிமிர்ந்துவிட்டது. அந்த நிமிர்விலே கடைச் சுவரில் இருந்த மணிக்கூடு கண்ணில் பட்டது. எட்டு மணி. அதாவது ஏழரைக்கும் எட்டரைக்கும் நடு.

"இந்த நேரத்திலை வேலை செய்யுது!" என்று மாஸ்ரர் தமிழில் கத்தினார். கடல் ஒரு குச்சு ஒழுங்கைக்கு அப்பால்தான் இரைந்துகொண்டிருந்தது. உப்புக் கோட்பாடு அந்த இடத்திலேயே உயிரை விட்டது.

சார்ஜன்ற் என்ன என்று கேட்டார். வீட்டில் இந்த நேரத்தில் மட்டும் இது வேலை செய்கிறதில்லை என்று மாஸ்ரர் சொன்னார். சார்ஜன்ற் வெற்றிலையைத் துப்பிவிட்டு யோசித்தார். அவரும் கலியாணம் கட்டினவர்தான்.

"ரிமோட் எக ஹொந்தய், மஹத்தயா. கெதர தமய் வெரத்த." ரிமோட் நல்லாத்தான் இருக்கு, பிழை வீட்டிலைதான் என்றார்.

அந்த நேரம் ஒரு திரீவீலர் வந்து நின்றது. சரோஜினிதேவி இறங்கினா. ஒரு காலில் தன்னுடைய செருப்பு, மற்றக் காலில் மாஸ்ரரின் செருப்பு. கையில், எந்த நேரமும் அலுமாரிக்கு மேல் ஆயத்தமாக இருக்கிற பை: அடையாள அட்டைப் பிரதிகள், பொலிஸ் பதிவு, கலியாண அத்தாட்சி, பிறப்புப் பத்திரம், ரீவி வாங்கின பில். பின்னால் மஜீட், முகம் வெளிறிப்போய். சரோஜினிதேவி மாஸ்ரரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தா. அடியில்லை, காயமில்லை. கண்ணால் பொலபொலவென்று கொட்டியது.

"உங்களுக்கு ஏதும் நடந்திருந்தால் நான் என்னப்பா செய்வன்?"

மாஸ்ரர் அவவின் கையைப் பிடித்தார். இப்படிப்பட்ட மனிசிக்கா நான் களவு செய்தேன் என்று உருகிப்போனார். உருகின நேரம் கன நேரமில்லை. கண்ணைத் துடைத்ததும் சரோஜினிதேவி பைக்குள் கிடந்ததைப் பார்த்துவிட்டா.

"தம்பி தந்த ரிமோட்டுக்கு இதென்ன கோலம்? இதுக்கோ நான் நாடகத்தைப் பாதியிலை விட்டிட்டு ஓடிவந்தனான்?"

மஜீட் சிங்களத்தில் சார்ஜன்றோடு பேசி முடித்தார். சார்ஜன்ற் ரிமோட்டை, பற்றரிப் பெட்டி வயர் எல்லாவற்றோடும், சரோஜினிதேவியின் கையில் வைத்தார்.

"நோனாட பாரய். மஹத்தயாட தென்ன எபா." அம்மாவின் பொறுப்பு, ஐயாவிடம் கொடுக்கக்கூடாது. இனி இந்தாள் கையில் இதைக் கண்டால் இரண்டு பேரையும் உள்ளே வைப்பேன் என்று விரலை ஆட்டினார். சரோஜினிதேவிக்குச் சிங்களம் அவ்வளவு வராது. ஆனால் அந்த வசனம் முழுக்க விளங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மாஸ்ரர் செருப்பையும் கழற்றவில்லை. ரோர்ச்சை எடுத்துக்கொண்டு நேரே ரீவிக்கு முன்னால் போய் முழங்காலில் இருந்தார். பைறோஸா இன்னும் சோபாவில்தான் இருந்தா. பாதி நாடகத்தை அக்காவுக்காகப் பார்த்து வைத்திருந்தா. ரீவியின் கீழ்ப்பக்கத்தில், ரிமோட்டின் வெளிச்சம் போய் விழுகிற சின்னக் கறுப்புக் கண்ணாடி. மாஸ்ரர் ரோர்ச்சை அடித்தார். நகத்தால் சுரண்டினார். கறுப்புக் கண்ணாடியிலிருந்து ஒரு கறுத்த வட்டம் கழன்று விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"சரோ, இதென்ன?"

"பொட்டு."

"பொட்டெண்டு தெரியுது. ரீவிக்கு ஏன் பொட்டு?"

"வாற போற ஆக்களெல்லாம் பாத்துப் பெருமூச்சு விடீனம். நாவூறு படக்கூடாதெண்டு வைச்சனான். சின்னப் பிள்ளையளுக்குக் கறுத்தப் பொட்டு வைக்கிறேல்லையோ?"

"அது சரி. அதேன் இந்தக் கண்ணிலை?"

"நாவூறு கண்ணாலைதானே வாறது."

மாஸ்ரர் மூச்சை இழுத்து விட்டார். "காலமையிலை இது இல்லையே!"

"பின்னேரம் விளக்கு வைச்சு, நான் பொட்டு வைக்கேக்கை அதுக்கும் ஒண்டு வைப்பன்."

"எட்டரைக்கு?"

"எட்டரைக்கு எடுத்துப்போடுவன். நீங்கள் செய்தி பாக்கவேணுமெல்லே, பாவம்."

பைறோஸா முக்காட்டை முகத்தில் இழுத்து மூடினா. உள்ளே தோள் குலுங்கியது. மஜீட் கூரையைப் பார்த்தார். மாஸ்ரர் விரலில் ஒட்டின பொட்டைப் பார்த்தபடி இருந்தார். நூறு பேருக்கு ஒளியியல் படிப்பிக்கிற மனிசன். ஒளி போகிற வழியை மறித்தால் ஒளி போகாது என்பது முதலாம் பாடம். அவர் உப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வாய்விட்டுச் சண்டை பிடிக்கவும் வழியில்லை. "ஏழரைக்கு உங்களுக்கு ஏன் ரிமோட்?" என்ற கேள்வி அங்கே தயாராக நின்றது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. ரிமோட் வியாழன் முழுக்க அலுமாரிக்குள் பூட்டு. மாஸ்ரர் பணிந்து, குழைந்து, தேத்தண்ணி போட்டுக்கொடுத்துக் கேட்டார்.

"இண்டைக்கு இறுதியாட்டம் சரோ. ஒரேயொரு நாள்."

"நான் என்ன, வேண்டாமெண்டனானோ? வடிவாப் பாருங்கோ. ஏழரை வரைக்கும்."

"மட்ச் ஏழரைக்குப் பிறகுதானே முடியும்!"

"ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். நாட்டிலைதான் ஒருத்தரும் ஒப்பந்தத்தை மதிக்கிறேல்லை எண்டால், வீட்டிலையுமோ?"

மாஸ்ரர் கெஞ்சுகிறதை விட்டார். அவருக்கு ஒரு திட்டம் வந்துவிட்டது. பைறோஸா வத்தளையில் தாய் வீட்டுக்குப் போய்விட்டா. சரோஜினிதேவிக்குக் குசினியில் பிட்டு அவிக்கிற வேலை. ரிமோட்டையும் கையோடு குசினிக்குக் கொண்டுபோய்விட்டா, கொண்டுபோகட்டும், நடுவில் சுவர் இருக்கிறது. சரோஜினிதேவி ஹோலுக்கு வந்தால்தானே ஆபத்து? மாஸ்ரர் கதிரையை ரீவிக்கு முன்னால் இழுத்துப் போட்டார். முழங்கால் ரீவி மேசையில் முட்ட இருந்துகொண்டார். பொட்டு வைக்க வருகிற விரலுக்கு இனி வழியே இல்லை. ரீவியில் இருக்கிற பட்டன்மேல் ஒரு விரலையும் வைத்துக்கொண்டார். மஜீட் பின்னால் இருந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

ஏழரை ஆனது. குசினிக்குள் தேங்காய் துருவுகிற சத்தம். ஆள் வெளியே வரவில்லை.

"மறந்திட்டா," என்று மாஸ்ரர் கிசுகிசுத்தார். மஜீட் இரண்டு கையையும் ஏந்தி துவா செய்தார்.

எட்டு மணி. கடைசிக்கு முந்தின ஓவர். ஒன்பது ஓட்டம் வேண்டும். அப்போது ஒரு பந்தில் விக்கட் விழுந்து, மாஸ்ரர் "ஐயோ!" என்று வீடு அதிரக் கத்திவிட்டார். துருவுகிற சத்தம் நின்றது.

கிரிக்கட் மறைந்தது. மருமகள் வந்துவிட்டாள்.

மாஸ்ரர் திடுக்கிட்டுத் திரும்பினார். ஹோலில் ஒருத்தரும் இல்லை. பட்டனை அமத்தினார், கிரிக்கட். அடுத்த மூச்சில் மருமகள். திரும்ப அமத்தினார். மருமகள். ரீவிக் கண்ணை உள்ளங்கையால் பொத்தினார். பொத்த முதலே அது மாறியிருந்தது. கையை எடுத்துப் பட்டனை அமத்தினார். கையை எடுத்த இடைவெளியில் திரும்ப மாறியது. பட்டன் ஒரு பக்கம், கண் மறு பக்கம்; ஒரு கையால் பொத்தி மற்றக் கையால் அமத்தினாலும் விரல் இடுக்கால் ஏதோ புகுந்து மாற்றியது. அவர் ரீவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டினார். கடைசி ஓவரில் இடையிடையே ஒரு மட்டை தெரிந்தது, ஒரு தொப்பி தெரிந்தது, ஆட்கள் கைதட்டுகிறது தெரிந்தது. யார் யாருக்குக் கைதட்டுகிறார்கள் என்று மட்டும் தெரியவில்லை. சத்தம் கூடிக்கொண்டே போனது; மாமியாரின் சத்தம்.

"நான் கீழ போய் ரேடியோல கேக்கறேன் மாஸ்டர்," என்று மஜீட் நழுவிவிட்டார்.

மாஸ்ரர் வேர்த்து விறுவிறுத்துக் குசினி வாசலுக்கு ஓடினார். சரோஜினிதேவி ரீவிக்கு முதுகு காட்டிக்கொண்டு அடுப்பைப் பார்த்தபடி நின்றா. ஒரு கையில் அகப்பை. மற்றக் கையில் ரிமோட், ஆறு கண்ணும் குசினிச் சுவரைப் பார்த்தபடி. கதிர் வெள்ளைச் சுவரில் பட்டு, வாசலால் வெளியேறி, ஹோல் சுவரில் பட்டு, நேரே ரீவிக்குப் போய்க்கொண்டிருந்தது. தெறிப்பு விதி. மாஸ்ரர் போன கிழமைதான் கரும்பலகையில் கீறிக் காட்டி, வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையிலும் அதையே விளக்கினவர்.

சரோஜினிதேவி திரும்பிப் பார்த்துச் சிரித்தா. முகம் முழுக்கச் சந்தோஷம்.

"சும்மா சொல்லக்கூடாதப்பா, உங்கடை படிப்புக்கு இண்டைக்குத்தான் ஒரு பிரயோசனம் கண்டனான்!"